சாசனம் காகிதத்தில், சாவி யார் கையில்? ஐந்து இணைய அரசியல் விளையாட்டுகள்: ஓர் ஒப்பீடு

கட்சி கட்டி, தேர்தலில் நின்று, கூட்டணி சேர்த்து, அந்தக் கூட்டணியையே உடைத்து நாற்காலியைப் பிடிக்கிற மாதிரி இணையத்தில் விளையாட்டு ஏதாவது உண்டா என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் அரசியல் அறிவியல் படிக்கும் கல்லூரி மாணவி. இன்னொருவர் இரவுப் பணி முடிந்து, விடியற்காலையில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும் ஐ.டி. ஊழியர். மூன்றாமவர் என் சித்தப்பா. ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. குடியிருப்போர் சங்கத் தேர்தலில் நாலு ஓட்டில் தோற்ற வெறி இன்னும் அடங்கவில்லை.

மூவருக்கும் ஒரே பதில் சரிப்படாது. நான் பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்த வகை ஆட்டங்களில் விழுந்து எழுந்தவன். அதிகம் ஜெயித்ததில்லை, ஆனால் பல விதமாகத் தோற்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்: நேஷன்ஸ்டேட்ஸ், இ-ரிபப்ளிக், ஈவ் ஆன்லைன், ரெட்டிட்டில் நடக்கும் மாதிரி நாடாளுமன்றம், இணையத்தில் ஆடும் டிப்ளமசி. தனியாக உட்கார்ந்து கணினியோடு ஆடுகிற அரசியல் விளையாட்டுகளை விட்டுவிட்டேன். எதிரில் மனிதன் இல்லாத இடத்தில் உள்குத்துக்கு என்ன ருசி?

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி: சட்டம் எங்கே எழுதியிருக்கிறது? சில விளையாட்டுகளில் சட்டம் மென்பொருளுக்குள்ளேயே இருக்கும். நாடாளுமன்றம் வரியை உயர்த்தி ஓட்டுப் போட்டால், மறு நிமிடம் எல்லார் சம்பளத்திலும் வரி பிடிபடும். சிலவற்றில் சட்டம் வெறும் காகிதம். ஆட்கள் மதித்தால் உண்டு, மதிக்காவிட்டால் இல்லை. இந்த ஒரு வித்தியாசம்தான் நீங்கள் ஆடப்போவது எந்த மாதிரி அரசியல் என்பதைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது, நேரம். எத்தனை மணி நேரம் என்பதை விட, எந்த மணி என்று பாருங்கள். இவற்றின் கடிகாரம் லண்டனிலோ அமெரிக்காவிலோ ஓடுகிறது. அங்கே மாலை கூடி வம்பளக்கும் நேரம் நமக்கு நடுச்சாமம்.

மூன்றாவது, காசு. சேருவதற்கு ஆகும் காசு தெரிந்ததுதான். காசு கொட்டுகிறவனுக்கு அதிகாரம் கூடுமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது, முதுகில் குத்து வாங்கினால் என்ன போகும்: ஒரு சாயங்காலமா, மூன்று வருஷ உழைப்பா?

ஐந்தாவது, விலகுவது. சேரும்போது யாரும் கேட்காத கேள்வி இது. ஒரு பதவியில் உட்கார்ந்துவிட்டால், உங்களை நம்பி நாற்பது பேர் இருப்பார்கள். பரீட்சை வருகிறது, குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு எழுந்து போக முடிகிறதா?

மொழி விஷயம் ஐந்துக்கும் கிட்டத்தட்டப் பொது. ஆங்கிலத்தில்தான் பேச வேண்டியிருக்கும். எவ்வளவு எழுத வேண்டும் என்பது மட்டும் மாறும்.

## நேஷன்ஸ்டேட்ஸ்: அமைதியாக இருக்கும், அப்டேட் வரும் வரை

ஆஸ்திரேலிய எழுத்தாளர் மாக்ஸ் பாரி, வரப்போகும் தன் நாவலுக்கு விளம்பரமாக 2002 நவம்பரில் தொடங்கியது இது. நாவல் வந்து போய்விட்டது, விளையாட்டு இருபது வருஷம் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. உலாவியில் ஆடலாம், இலவசம். விளம்பரம் வேண்டாம், கூடுதல் வசதி வேண்டும் என்பவர்கள் காசு கட்டலாம். கட்டாவிட்டாலும் அதிகாரத்தில் குறை இல்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் ரொம்பச் சாது. நீங்கள் ஒரு நாட்டை உருவாக்குகிறீர்கள், பெயர், கொடி, நாணயம் எல்லாம் உங்கள் விருப்பம். தினமும் சில பிரச்சினைகள் மேசைக்கு வரும். இரண்டு மூன்று யோசனைகளில் ஒன்றுக்குத் தலையாட்ட வேண்டும், எல்லா யோசனையும் ஏதோ ஒரு விதத்தில் கோணலாக இருக்கும். உங்கள் முடிவுக்கு ஏற்பப் பொருளாதாரமும் சிவில் உரிமையும் ஏறி இறங்கும். பலர் இதோடு திருப்தியாக வருஷக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு நாளுக்குப் பத்து நிமிடம், காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

நாற்காலிச் சண்டை அதற்கு அடுத்த மாடியில். நாடுகள் சேர்ந்து பிராந்தியங்களாக இருக்கின்றன. உலக அவையில் உறுப்பினராக உள்ள நாடுகள், அதே பிராந்தியத்தில் இருக்கும் மற்ற உறுப்பினர்களுக்கு ஆதரவு தரலாம். (முன்பு உலக அவைக்கு ஐக்கிய நாடுகள் என்றே பெயர். நிஜ ஐ.நா.விடமிருந்து வக்கீல் கடிதம் வந்ததால் 2008-இல் மாற்றினார்கள்.) அதிக ஆதரவு பெற்ற நாடு பிராந்தியத்தின் பிரதிநிதி ஆகிறது. ஆட்களை வெளியேற்றுவது, தடை போடுவது போன்ற அதிகாரம் அவர் கைக்கு வரலாம். ஒருவருக்கு ஒரு உலக அவை உறுப்பினர் நாடுதான் என்பது விதி, ஆகவே கள்ள ஓட்டு விதிமீறல்.

இந்தப் பிரதிநிதி மாற்றம் நொடிக்கு நொடி நடப்பதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு முறை, அப்டேட் ஓடும்போது மட்டும் கணக்கெடுக்கிறார்கள். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நள்ளிரவிலும் நண்பகலிலும். இந்திய, இலங்கை நேரத்தில் காலை பத்தரை, இரவு பத்தரை. கோடையில் ஒரு மணி நேரம் முன்னால். இதை வைத்து ஒரு தொழிலே நடக்கிறது. படையெடுக்கும் கூட்டம், அப்டேட்டுக்குச் சில நொடிகள் முன்பு உங்கள் பிராந்தியத்துக்குள் கும்பலாக நுழைந்து, தங்களில் ஒருவருக்கு எல்லோரும் ஆதரவு தந்துவிடும். அப்டேட் கடந்ததும் நாற்காலி அவர்களுடையது. இவர்களை மறிப்பதற்கென்றே காவலர் கூட்டமும் உண்டு. அவர்களும் அதே நொடியில் குதிப்பார்கள். என்னுடைய சிறு பிராந்தியத்தை நிறுவியவர், பிரதிநிதிக்கும் மேலே அதிகாரம் கொண்டவர், உள்ளே வருவதை நிறுத்திவிட்டார். 28 நாள் எட்டிப்பார்க்காத நாடு இல்லாமல் போய்விடும் என்பது விதி. அவர் நாடு மறைந்து மூன்றே நாளில், காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் எங்கள் கொடி மாறியிருந்தது.

பெரிய பிராந்தியங்களில் கதையே வேறு. பசிஃபிக் என்று பெயர் கொண்ட ஐந்து பிராந்தியங்களுக்கு நிறுவனர் கிடையாது. புதிதாகப் பிறக்கும் நாடுகள் பலவும் அங்கேதான் வந்து விழுகின்றன. ஆகவே கிரீடம் எப்போதும் தெருவில் கிடக்கிறது. 2003-இல் பசிஃபிக் பிராந்தியத்தை ஃப்ராங்கோஸ் ஸ்பெயின் என்ற நாடு கைப்பற்றியது இந்த உலகத்தில் இன்றும் வாதிக்கப்படும் ‘புரட்சி’. நார்த் பசிஃபிக்கிலோ அரசியல் சாசனம், உரிமைச் சாசனம், நீதிமன்றம், பிராந்திய அவை எல்லாம் முறையாக இருக்கின்றன. மனு போடலாம், வழக்குப் போடலாம், தேர்தலில் நிற்கலாம்.

ஆனால் அந்தச் சாசனத்தைப் பற்றி மென்பொருளுக்கு ஒரு வார்த்தை கூடத் தெரியாது. அதற்குத் தெரிந்தது யாருக்கு அதிக ஆதரவு என்ற எண்ணிக்கை மட்டும். தேர்தலில் ஜெயித்து வந்த பிரதிநிதி ஒரு நாள் காலையில், ‘இனி சாசனம் இல்லை’ என்று அறிவித்துவிட்டு எதிராளிகளை வெளியேற்ற ஆரம்பித்தால், இயந்திரம் அவருக்குத்தான் கீழ்ப்படியும். அவரைத் தடுப்பது, ஆதரவைத் திரும்பப் பெறும் மனிதர்கள் மட்டுமே. எழுதிய சட்டத்துக்கும் நடைமுறை அதிகாரத்துக்கும் நடுவிலுள்ள அந்தப் பள்ளத்தை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மாணவி கேட்டபோது முதலில் நினைவுக்கு வந்ததும் இதுதான்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், பத்து நிமிட விளையாட்டு என்று நுழைந்தவர் பிராந்திய அரசியலில் கால் வைத்தால் ஆட்டம் முழுக்க டிஸ்கார்டு என்ற அரட்டைத் தளத்துக்கு மாறிவிடும். உண்மையான பேரம் அங்கேதான். அங்கே பத்து நிமிடம் என்று எதுவும் கிடையாது.

யாருக்கு: நிதானமாகத் தொடங்கி, பிடித்தால் ஆழம் போக நினைப்பவர்களுக்கு. ஒரு மாதம் எட்டிப்பார்க்காவிட்டாலும் நாட்டை உயிர்ப்பித்துக்கொள்ளலாம். யாருக்கு வேண்டாம்: தேர்தலில் ஜெயித்தால் அதிகாரம் தானாகக் கைக்கு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு.

## இ-ரிபப்ளிக்: தேதி தவறாத தேர்தல்

அலெக்ஸிஸ் போன்ட், ஜார்ஜ் லெம்னாரு என்ற இருவர் தொடங்கி 2008-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. இங்கே நாடு நீங்கள் படைப்பதல்ல, நிஜ உலக நாடுகள்தான். இந்தியாவும் உண்டு. நீங்கள் வெறும் குடிமகன். வேலைக்குப் போக வேண்டும், பயிற்சி எடுக்க வேண்டும், போரில் அடிக்க வேண்டும். மாதா மாதம் 5-ஆம் தேதி அதிபர் தேர்தல், 15-இல் கட்சித் தலைவர், 25-இல் அவை உறுப்பினர்கள். பால் கணக்கு மாதிரி தவறாமல் வரும்.

சட்டம் இங்கே மென்பொருளுக்குள் இருக்கிறது. வரி, கருவூலப் பணம், அதிபரைப் பதவி நீக்கம் செய்யும் தீர்மானம் எல்லாவற்றுக்கும் அவையில் ஓட்டு. நிறைவேறினால் இயந்திரமே அமல்படுத்தும். நேஷன்ஸ்டேட்ஸ் மாதிரி சாசனத்தைக் கிழித்துப் போட முடியாது. ஆனால் சாசனப்படியே ஒரு நாட்டைத் திருடலாம். ஆள் குறைவான நாட்டுக்கு இன்னொரு நாட்டுக்காரர்கள் சத்தமில்லாமல் குடிபெயர்ந்து, கட்சியில் சேர்ந்து, தலைமையைப் பிடித்து, அவையில் பெரும்பான்மை எடுத்து, கருவூலத்தைச் சட்டப்படி ஓட்டுப் போட்டுக் காலி செய்வார்கள். அரசியல் கைப்பற்றல் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. அது தொல்லையாகிப் போய், குடியுரிமை தருவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பிறகு சர்வாதிகாரம் என்ற அமைப்பும் வந்தது. அது விழுந்த நாட்டில் அவை உறுப்பினர் என்பது விசிட்டிங் கார்டுக்கு மட்டும் உதவும்.

காசு விஷயத்தில் இது நேர்மையாகச் சொல்ல வேண்டிய இடம். தங்கம் நிஜப் பணத்துக்குக் கிடைக்கும், தங்கத்துக்குச் சக்தி கிடைக்கும், சக்திக்குப் போர் ஜெயிக்கும். வருஷக்கணக்கில் வலிமை சேர்த்த பழைய ஆட்கள் முன்னால் புதியவர் அடிக்கிற அடி கொசுக்கடி. ஆரம்ப கால ஆரவாரமும் இப்போது இல்லை, கூட்டம் மெலிந்துவிட்டது. மெலிந்ததில் ஒரு லாபமும் உண்டு: சின்ன நாட்டில், இரண்டு மாதத்தில் அவைக்குப் போய்விடலாம்.

நாளின் கணக்கு நமக்கு மதியம் ஒரு மணி சுமாருக்குப் புதிதாகும். தினமும் இரண்டு மூன்று கிளிக். அது சுலபமாகத்தான் தெரியும். ஒரு நாள் விட்டால் பரிசு போகுமே என்ற நினைப்பில், கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்குக் கீழே கைப்பேசியை வைத்துக் கிளிக்கியிருக்கிறேன்.

யாருக்கு: தேர்தல் சடங்கு, கட்சி வேலை, ஓட்டுச் சேகரிப்பு பிடித்தவர்களுக்கு. கொள்கை விவாதம் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

## ஈவ் ஆன்லைன்: கூட இருந்தே குழி பறிப்பது

இதை அரசியல் விளையாட்டு என்று விற்பதில்லை. ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் இருக்கும் சி.சி.பி. நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட விண்வெளி விளையாட்டு. கப்பல் ஓட்டலாம், தாது வெட்டலாம், வியாபாரம் செய்யலாம். ஆனால் உலகம் முழுக்க, சீனாவைத் தவிர்த்து, எல்லோரும் ஒரே பிரபஞ்சத்தில் ஆடுகிறார்கள். எல்லைப்புற மண்டலங்களை ஆடுபவர்களின் கூட்டணிகளே ஆளுகின்றன. ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள், வரி, வாடகை, உளவுத்துறை, தூதர்கள், பிரசாரப் பிரிவு என்று இவை கிட்டத்தட்ட அரசாங்கங்கள்தான். ஏமாற்றுவதும் திருடுவதும் இங்கே விதிமீறல் அல்ல. நிறுவனம் வேடிக்கை பார்க்கும்.

சட்டம் எங்கே இருக்கிறது? பாதி மென்பொருளில், பாதி நம்பிக்கையில். பொறுப்புகளை மென்பொருள் தருகிறது, ஆனால் யாருக்குத் தருவது என்பது உங்கள் நம்பிக்கை. 2009 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் அன்றைக்கு மிகப்பெரிய கூட்டணிகளில் ஒன்று. வெளியிலிருந்து யாராலும் அசைக்க முடியவில்லை. உள்ளே இயக்குநர் பொறுப்பில் இருந்த ஒருவர் எதிரிகளான கூன்ஸ்வார்ம் பக்கம் தாவினார். தாவும்போது, தன் பொறுப்புக்குரிய அதிகாரத்தை வைத்துக் கூட்டணியையே கலைத்துவிட்டார். பொத்தானை அழுத்தியதோடு சரி. பல வருஷ சாம்ராஜ்யம், பெயர் உட்படப் போய்விட்டது.

2014 ஜனவரி 27-இல் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் நடந்த சண்டை இன்னும் வேடிக்கை. அந்த மண்டலத்துக்கான ஆட்சியுரிமைக் கட்டணம் கட்டப்படாமல் போய்விட்டது. வீட்டு வாடகை கட்ட மறந்த கதை. எதிரிகள் மோப்பம் பிடித்தார்கள். ஏறக்குறைய 21 மணி நேரம், 7,500-க்கு மேற்பட்ட ஆட்கள், 75 டைட்டன் கப்பல்கள் சாம்பல். சர்வர் தாங்காமல் விளையாட்டுக் காலத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்து ஓட்டினார்கள். அழிந்த சொத்தின் மதிப்பு சுமார் 3 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள். விளையாட்டின் பிளெக்ஸ் என்ற பொருளை நிஜப் பணத்தில் வாங்கி உள்நாணயமாக மாற்றலாம் என்பதால், இங்கே துரோகத்துக்குக் கூட டாலரில் விலை போட முடிகிறது.

நிஜ அரசியலோடு இது தொடும் இடம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கூன்ஸ்வார்மின் புகழ்பெற்ற தூதர் ‘வைல் ராட்’. நிஜத்தில் அவர் ஷான் ஸ்மித், அமெரிக்க வெளியுறவுத் துறை ஊழியர். 2012 செப்டம்பர் 11 அன்று லிபியாவின் பெங்காசியில் தூதரோடு சேர்ந்து கொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். நட்சத்திர மண்டலம் முழுக்க, எதிரிகள் உட்பட, தங்கள் நிலையங்களுக்கு அவர் பெயரை வைத்து அஞ்சலி செலுத்தினார்கள்.

அவர் அங்கம் வகித்த இன்னொரு அமைப்பும் உண்டு: 2008-இல் தொடங்கிய நட்சத்திர மேலாண்மைக் குழு. ஆடுபவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள், நிறுவனத்தோடு பேசுவதற்காக. ஐஸ்லாந்துக்கு அழைத்துப்போய் உட்கார வைத்துப் பேசுவார்கள். 2017-இல் அப்படிப் போயிருந்த ஒரு கூட்டணித் தூதர், அங்கிருந்தபடியே தன் கூட்டணியின் கோட்டையையும் பணத்தையும் எதிரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வெறி பிடித்த அவருடைய தலைவர், விளையாட்டுக்குள்ளேயே நிஜமான உடல் தாக்குதல் மிரட்டல் விடுத்தார். நிரந்தரத் தடை. நான்காவது கேள்விக்கு ஈவ் தரும் பதில் இதுதான்: சிலருக்கு இங்கே தோல்வி விளையாட்டோடு நிற்பதில்லை.

காசு: 2016 நவம்பரிலிருந்து இலவசமாகத் தொடங்கலாம். முழு உறுப்பினர் கட்டணத்தை 2022-இல் மாதம் 20 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு என்ற அளவுக்கு உயர்த்தினார்கள். ஆனால் பெரிய செலவு நேரம். ஐரோப்பியர் கூடும் மாலை நமக்கு இரவு பதினொன்றரையிலிருந்து இரண்டரை. போருக்கு அழைப்பு வந்தால் எழுந்து உட்கார வேண்டும். நிர்வாகப் பொறுப்பு எடுத்தவர்கள் கப்பல் ஓட்டுவதே இல்லை, கணக்குத் தாள் நிரப்புகிறார்கள். 2022-இல் நிறுவனமே எக்செலுக்கு ஓர் இணைப்பு வரும் என்று அறிவித்தது. ஜோக் அல்ல.

இரவுப் பணி நண்பருக்கு ஒரு வசதி: அமெரிக்கர்களின் மாலை நேரம் நமக்குக் காலை ஐந்தரைக்குத் தொடங்குகிறது. அமெரிக்க நேரத்தில் இயங்கும் கூட்டணியில் சேர்ந்தால் தூக்கம் கெடாது, கெடுவதற்கு ஏற்கெனவே தூக்கம் இல்லை. சாதாரண உறுப்பினராக ஆறு மாதம் இருங்கள், எந்தப் பொறுப்பும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கேட்பாரா தெரியாது. எக்செல் தெரிந்தவனை எந்தக் கூட்டணியும் சும்மா விடாது.

## மாதிரி நாடாளுமன்றம்: மசோதா எழுதத் தெரிந்தவர்களுக்கு

ரெட்டிட்டில் 2014-இல் தொடங்கிய மாதிரி பிரிட்டிஷ் பொது அவைதான் இந்த வகையில் நான் நெருங்கிப் பார்த்தது. அமெரிக்க அரசாங்கத்துக்கும் இப்படி ஒன்று தொடங்கினார்கள். வரைபடம் இல்லை, படை இல்லை, பொத்தான் இல்லை. கட்சியில் சேர்ந்து, மசோதா எழுதி, அவையில் வைத்து, இரண்டாம் வாசிப்பில் வாதாடி, ஓட்டுக்கு விட வேண்டும். பிரதமரைக் கேள்வி கேட்கும் நேரம் உண்டு. பத்திரிகை நடத்தலாம். கூட்டணி ஆட்சி அமைப்பது, அமைச்சர் பதவிக்குப் பேரம், ராஜினாமா எல்லாம் நடக்கும்.

முதல் கேள்விக்கு இங்கே விசித்திரமான பதில். சட்டம் முழுக்கக் காகிதம், ஆனால் அந்தக் காகிதத்தைக் காக்க நடுவர் குழு இருக்கிறது. ஆரம்பத்தில் நிஜமாகவே ஆட்கள் வந்து ஓட்டுப் போட்டார்கள். வெளியிலிருந்து கூட்டம் சேர்த்து ஓட்டுப் போட வைப்பது சுலபம் என்பதால், பின்னால் யார் எவ்வளவு நன்றாக உழைத்தார்கள் என்பதை வைத்து நடுவர்கள் தேர்தல் முடிவைக் கணக்கிடும் முறைக்கு மாறினார்கள். அதாவது, நல்ல மசோதாவும் நல்ல பேச்சும் எழுதினால் ஓட்டு விழும். நிஜ உலகத்தில் எங்கே நடக்கும் இது! இன்னொரு பக்கம், நாற்காலிச் சண்டையின் கடைசி மேல்முறையீடு எப்போதும் நடுவரிடம். ஆகவே உள்ளே நடக்கும் அரசியலில் பாதி, நடுவர்களைப் பற்றிய அரசியல்.

காசு ஒன்றுமில்லை. நேரம் வாரத்துக்கு நாலைந்து மணி, தேர்தல் சமயத்தில் இரு மடங்கு. செலவெல்லாம் எழுத்துதான், அதுவும் சட்ட ஆங்கிலம். இன்னொரு செலவு மெதுவாகத் தெரியவரும்: விளையாட்டுக்காக ஒரு தீவிரக் கட்சியின் குரலில் நீங்கள் எழுதியதெல்லாம் பொதுவெளியில் அப்படியே கிடக்கும். பத்து வருஷம் கழித்து அது வேடம் என்று யாருக்கும் புரியவைக்க முடியாது. நிஜப் பெயரோடு தொடர்பில்லாத கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த அறிவுரை ஐந்துக்குமே பொருந்தும், இங்கே இரட்டிப்பாக.

மாணவிக்கு முதல் இடம் இதற்கு. ஒரு மசோதாவின் வரைவு, திருத்தம், கூட்டணிக் கட்சி போடும் நிபந்தனை என்று ஒரே ஒரு சட்டத்தைப் பிடித்து நடந்து பார்த்தால், பாடப்புத்தகத்தில் மூன்று வரியில் வருவது ஏன் நிஜத்தில் மூன்று மாதம் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு நேஷன்ஸ்டேட்ஸ் போய், அதே சாசனம் கிழிபடுவதைப் பார்க்கட்டும்.

## டிப்ளமசி: சட்டமே இல்லாத இடம்

ஆலன் கலாமர் என்ற அமெரிக்கர் வடிவமைத்து, 1959-இல் தன் செலவில் 500 பெட்டிகள் போட்டு விற்ற பலகை விளையாட்டு. முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பா, 1901-இல் தொடக்கம், ஏழு வல்லரசுகள். பகடை கிடையாது. பேசலாம், கெஞ்சலாம், வாக்குக் கொடுக்கலாம், பிறகு எல்லோரும் ரகசியமாக ஆணை எழுத, ஒரே நேரத்தில் திறப்பார்கள். 34 மையங்களில் 18 கையில் வந்தால் வெற்றி. வெப்டிப்ளமசி, பேக்ஸ்டாபர் போன்ற தளங்களில் இலவசமாக ஆடலாம்.

இங்கே அரசாங்கம் இல்லை, தேர்தல் இல்லை. அதிகாரப் போட்டியின் எலும்புக்கூடு மட்டும். எந்த ஒப்பந்தத்தையும் அமல்படுத்த யாரும் இல்லாததால், நம்பிக்கை ஒன்றுதான் நாணயம். யாருடைய உதவியும் இல்லாமல் முன்னேற முடியாதபடி விதிகள் இருப்பதால், முழுப் பொய்யனும் ஜெயிப்பதில்லை. 2022-இல் மெட்டா நிறுவனம் சிசெரோ என்ற செயற்கை நுண்ணறிவை வெப்டிப்ளமசியில் மனிதர்களோடு பெயர் சொல்லாமல் இறக்கியது. 40 ஆட்டங்கள். ஒன்றுக்கு மேல் ஆடியவர்களில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தது. அதைப் பெரும்பாலும் உண்மை பேசும்படி வடிவமைத்ததாகச் சொன்னார்கள். நம்மூர் சதுரங்கப் புலிகள் இங்கே வந்து மண்ணைக் கவ்வுவதைப் பார்த்திருக்கிறேன்; அவர்கள் பலகையைப் பார்க்கிறார்கள், ஆட்களை அல்ல.

நேரத்தை நீங்களே தீர்மானிக்கலாம் என்பது இதன் பெரிய பலம். ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம் என்றும் வைக்கலாம், இரண்டு நாள் என்றும் வைக்கலாம். ஒரு நாள் வைத்தால், ஆட்டம் ஓரிரு மாதத்தில் முடியும். முடியும் என்பதுதான் விஷயம். மற்ற நாலுக்கும் முடிவே கிடையாது. நடுவில் விட்டுப் போவது மட்டும் மகா பாவம். உங்கள் நாடு அனாதையாகி, பக்கத்து நாட்டுக்காரனுக்கு இலவச விருந்தாகி, மற்ற ஆறு பேருக்கும் ஆட்டம் கெடும்.

மறைமுகச் செலவு சொந்தபந்தம். முன்பின் தெரியாதவர்களோடு ஆடினால், குத்து வாங்கிய வலி இரண்டு நாளில் போகும். நண்பர்களோடு ஆடினால், தமிழிலேயே சதி செய்யலாம் என்ற சுகம் உண்டு, ஆனால் தீபாவளிக்கு வீட்டுக்கு வருவார்களா என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

நேர அளவுகள் என் அனுபவக் கணக்கு, பதவி ஏதும் இல்லாதவருக்கு.

| | சட்டம் எங்கே | நேரம் | காசு | தோற்றால் போவது | விலகுவது |
|---|---|---|---|---|---|
| நேஷன்ஸ்டேட்ஸ் | காகிதம். சாவி ஆதரவு எண்ணிக்கையில் | நாளுக்கு 10 நிமிடம் | இலவசம் | நாற்காலி, சில நண்பர்கள் | எளிது |
| இ-ரிபப்ளிக் | மென்பொருள் | நாளுக்கு 15 நிமிடம், தவறாமல் | கொட்டினால் பலம் | கருவூலம் | பழக்கம் விடாது |
| ஈவ் ஆன்லைன் | பாதிக்குப் பாதி | வாரம் 8–10 மணி | இலவசத் தொடக்கம், பிறகு சந்தா | வருஷ உழைப்பு | கடினம் |
| மாதிரி அவை | காகிதம், மேலே நடுவர் | வாரம் 4–5 மணி | இல்லை | அமைச்சர் பதவி | சுமார் |
| டிப்ளமசி | எதுவும் இல்லை | நாளுக்கு 20 நிமிடம் | இலவசம் | ஒரு ஆட்டம் | தானே முடியும் |

பட்டியலில் இடம் தராத ஒன்றையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2014-இல் வந்த பாலிடிக்ஸ் அண்ட் வார், இ-ரிபப்ளிக்குக்கும் நேஷன்ஸ்டேட்ஸுக்கும் நடுவே விழுகிறது: நகரங்கள், வளங்கள், கூட்டணி ஒப்பந்தங்கள். நேஷன்ஸ்டேட்ஸின் பசிஃபிக்கில் 2003-இல் எழுந்த நியூ பசிஃபிக் ஆர்டர் என்ற கோஷ்டி அங்கேயும், அதற்கு முன் சைபர் நேஷன்ஸ் என்ற இன்னொரு விளையாட்டிலும் கொடி நட்டது. கட்சி ஒன்று, உலகங்கள் மூன்று. விளையாட்டு செத்தாலும் கோஷ்டி சாகாது.

## சித்தப்பாவுக்கு

அவருக்கு நான் ஈவ் பெயரைச் சொல்லவே இல்லை. சித்தி என்னை மன்னிக்க மாட்டாள். இ-ரிபப்ளிக் பார்த்துவிட்டு, ‘என்னடா, தினம் வேலைக்குப் போகணுமாம், நான் இப்பத்தானே ரிடையர் ஆனேன்’ என்று மூடிவிட்டார். மாதிரி அவைக்கு ஆங்கில மசோதா எழுதச் சம்மதம்தான், ஆனால் ஒவ்வொன்றும் குடிநீர்த் தொட்டி பற்றியதாக இருந்திருக்கும்.

கடைசியில் சொந்தக்காரர்கள் ஏழு பேராக ஒரு டிப்ளமசி ஆட்டம் போட்டோம், ஒரு சுற்றுக்கு ஒரு நாள். அவருக்குத் துருக்கி விழுந்தது. வடக்கே ரஷ்யா, என் அத்தை மகன். துருக்கிக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் கருங்கடல்; முதல் சுற்றிலேயே அங்கே யார் கப்பலை விடுகிறார்கள் என்பதில் பாதித் தலையெழுத்து எழுதப்பட்டுவிடும். நேற்று ராத்திரி போன் செய்தார்.

‘ரஷ்யாக்காரன் தங்கமான பையன்டா. கருங்கடல் பக்கமே வரமாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கான். நானும் கப்பலை அங்காராவுலயே நிறுத்திட்டேன்.’

ஆணை திறக்க இன்னும் ஒன்பது மணி நேரம் இருக்கிறது. நான் இத்தாலி. வாயைத் திறக்கவில்லை.